மூன்று வரியில் அண்ணன்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பிரவுசர் ஒரு சாவுச் செய்தி சொன்னது. வலது மூலையில் வரிசையாக நிற்கும் குட்டிப் படங்களில் ஒன்று வெளுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால், 'இந்த எக்ஸ்டென்ஷன் இனி இயங்காது, நிறுத்திவிட்டோம்' என்று ஒரே ஒரு வரி. எந்த ஊரில் யார் உட்கார்ந்து நிறுத்தினார்களோ, காரணமும் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை.

எனக்கும் முதலில் வருத்தமில்லை. ஒன்று போனால் இன்னும் இருபத்திரண்டு இருக்கின்றன. ஜெர்மனிக்கு வந்த பதினோரு வருடத்தில் நான் சேர்த்த சொத்து என்றால் அவைதான். வீடு வாடகை, கார் தவணை, எக்ஸ்டென்ஷன் மட்டும் சொந்தம்.

பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு நமக்காக வேலை பார்க்கும் இந்தக் குட்டி நிரல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. இணையதளங்கள் வாசலில் நின்று 'குக்கீ வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்பதற்கு எனக்குப் பதிலாக 'வேண்டாம்' சொல்ல ஒன்று. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று. விளம்பரத்தைத் தடுக்கிறேன் என்பது அந்த இணையதளத்துக்குத் தெரியாமல் மறைக்க இன்னொன்று. திறந்து வைத்த நூற்றுச் சொச்சம் டேப்களைத் தூங்கவைக்க ஒன்று. எவ்வளவு நேரத்தை வீணடித்தேன் என்று கணக்குச் சொல்ல ஒன்று. அதைச் சரியாக அமைக்க எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை ஆனது. கடிதங்களில் என் ஜெர்மன் மொழியைப் பணிவாக்க ஒன்று. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதினேன். அது பணிவாக்கி அனுப்பியதைப் படித்துவிட்டு அவர் எனக்கு நன்றி சொல்லி பதில் போட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

2

இங்கே எங்கள் நகர அலுவலகத்துக்கும் இணையதளம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அதில் விண்ணப்பம் போட முடியாது. அலுவலக நேரத்தில் வரவும் என்று எழுதியிருக்கும். இணையதளத்துக்கு என்ன, மதியச் சாப்பாடா, பேருந்தா என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். உரிய நேரத்தில் போய், எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்தினால் ஒரு பி.டி.எஃப். வரும். அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். அவசரம் என்றால் ஃபேக்ஸ்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருமுனையில் ஓர் ஆன்லைன் சென்டர் இருந்தது. ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வருகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். உள்ளேயிருந்து அந்தக் கடைக்காரப் பெண்மணி, "பி.எஃப். யாரு? உங்க ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கத்துவார். நம்பர் தெருவுக்கே கேட்கும். ரகசியம் என்பதே கிடையாது, ஆனால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். இதை நான் இங்கே ஒரு விருந்தில் சொன்னேன். பாதுகாப்பு பற்றி எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள்.

பழைய ஊர்ப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருந்த லைன் வீட்டைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான்கு குடும்பத்துக்கு ஒரு குழாய். நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். இங்கே இணையதளங்களைச் சோதிக்கும் வேலை. அங்கே இரும்பு, இங்கே பொத்தான். வழிமுறை ஒன்றுதான், பின்னால் சொல்கிறேன்.

3

ஊரில் எனக்கு என்று இருப்பது ஓர் அண்ணன் மட்டும். பெயர் ரஃபீக். என்னைவிட ஏழு வயது மூத்தவர். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அத்தாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனின் மனைவி ஷமீம் ஆறு வருடத்துக்கு முன் தவறிவிட்டாள். குழந்தைகள் இல்லை. ஷமீம் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான்.

எப்படிக் கொண்டுவந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் யாரும் நேராகச் சொல்வதில்லை. பேச்சோடு பேச்சாக ஒரு பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்கிறவர் 'யாரு அது?' என்று கேட்டால் காரியம் தொடங்கும். இரண்டு மூன்று முறை போட்டும் கேட்கவில்லை என்றால் விருப்பமில்லை என்று பொருள். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாருக்கும் முகம் சுண்டவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அத்தா சோறு தின்னும் நேரத்தில் ஆம்பூர்ப் பையன் ஒருவனைப் பற்றி மூன்று நாள் பேசினார். நான் ரசம் கேட்டேன். அந்தப் பையன் எங்கள் வரலாற்றிலிருந்தே மறைந்துபோனான். அடுத்து வாணியம்பாடிக்காரர் ஒருவர் பெயர் வந்தது. இரண்டாம் நாளே 'யாருத்தா அது?' என்று கேட்டுத் தொலைத்தேன். அவரோடுதான் இங்கே குப்பை கொட்டுகிறேன்.

அதே மாதிரி ஷமீம் பெயரை அண்ணன் காதில் நான் போட்டேன். அண்ணன் முதல் நாளே கேட்டார்.

அண்ணனுக்கு எழுதப் பிடிக்காது. வாட்ஸப்பில் குரல் பதிவுதான். வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. கடையில் உட்கார்ந்தபடியே பேசுவார். நடுவில் ஆந்திரா லாரிக்காரரிடம் தெலுங்கில் பேரம் நடக்கும். கர்நாடகாக்காரர் வண்டியை நிறுத்தினால் கன்னடத்தில் ஒரு சத்தம். பிறகு மறுபடி என்னிடம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். விட்ட இடம் எது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

4

வெளுத்துப்போன அந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டுக் கொடுத்தது என் மகள் ரீமா. பதின்மூன்று வயது. அவளுக்குத் தமிழ் புரியும், பதில் ஜெர்மனில் வரும். நான் காதில் இயர்போனோடு பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டு, மாமா ஒரு விஷயத்தைச் சொல்ல ஏன் பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டாள். அவளுக்கு நியாயமான கேள்விதான். அவள் இரண்டு நிமிடத்தில் பிரவுசரில் ஒன்றை ஏற்றினாள். குரல் பதிவைக் கேட்டு, எழுத்தாக்கி, சுருக்கி, மூன்று வரியில் கொடுக்கும். கீழே அனுப்புவதற்குத் தயாராகப் பதிலும் இருக்கும். அழுத்தினால் போதும்.

இப்போது உலகமே சுருக்கிக்கொண்டுதான் இருக்கிறது. என் மேலாளர் ஒரு வரி எண்ணத்தை இயந்திரத்திடம் கொடுத்து ஒரு பக்கக் கடிதமாக்கி அனுப்புகிறார். நாங்கள் அந்தப் பக்கத்தை இன்னோர் இயந்திரத்திடம் கொடுத்து ஒரு வரியாக்கிப் படிக்கிறோம். நடுவில் இரண்டு இயந்திரங்களும் நன்றாகப் பிழைக்கின்றன. எதையாவது தேடினால் கட்டுரை வருவதற்கு முன்பே சாரம் வருகிறது. கட்டுரை எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டிய தொல்லையும் இல்லை. அண்ணனைச் சுருக்குவது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை.

ஆனாலும் நான் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவள், சும்மா விடுவேனா. தொழிற்சாலையில் ஒரு லாட்டில் ஆயிரம் உருப்படி வந்தால் ஆயிரத்தையும் அளக்க மாட்டோம். சாம்பிள் எடுப்போம். அவை சரியாக இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். அண்ணனின் மூன்று பதிவுகளை எடுத்து, முழுசாகக் கேட்டு, சுருக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வெயில் என்று சொல்லியிருந்தார், வெயில் என்று இருந்தது. வியாபாரம் மந்தம் என்றார், மந்தம் என்று இருந்தது. பாஸ். அதன் பிறகு எட்டு மாதம் அண்ணனின் குரலை நான் கேட்கவில்லை. இப்படி எழுதும்போதுதான் எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிகிறது. அப்போது சௌகரியமாக இருந்தது.

வேடிக்கையாகவும் இருந்தது. லாரி ஓட்டுநரிடம் கன்னடத்தில் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னதை, 'நீங்கள் சற்றுப் பின்னோக்கிச் செல்லுமாறு சகோதரர் கேட்டுக்கொள்கிறார்' என்று கொடுத்தது. நானும் ரீமாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் இயந்திரம் கேட்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வானிலை வெப்பம். கடை வழக்கம்போல். நீங்கள் சாப்பிட்டீர்களா என வினவுகிறார், நடவடிக்கை தேவையில்லை. கீழே தயாராக இருக்கும் பதில்: 'சாப்பிட்டோம். உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' நான் அதற்கு முன்னால் ஓர் 'அண்ணே' மட்டும் சேர்த்து அனுப்புவேன். அந்த ஒரு சொல் என் சொந்தச் சரக்கு.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்டென்ஷன் செத்துப்போனதால் அண்ணனின் புதுப் பதிவை நானே கேட்க வேண்டியதாயிற்று. துணி தேய்த்துக்கொண்டே கேட்டேன். டோல்கேட் அருகே போக்குவரத்து நெரிசல், நாலு நிமிடம். போர்வெல் மோட்டார், மூன்று நிமிடம். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஊத்தங்கரை டீச்சரம்மாவுக்கு அவங்க ஊர்லயே பேசி முடிச்சிட்டாங்களாம்மா. நல்ல எடமாம். செரி, நல்லதுதான். அது கெடக்குது. ரீமாவுக்கு மாங்கா ஊறுகா அனுப்பட்டுமா?"

ஊறுகாய்க்கு முன்னால் சின்னதாக ஓர் இடைவெளி இருந்தது. இயந்திரமாக இருந்தால் அதைக் கழித்திருக்கும். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எந்த டீச்சரம்மா?

எட்டு மாதப் பதிவுகளையும் மேலே தள்ளித் தள்ளி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டைக் கணவர் செய்தார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. ராத்திரிவரை கேட்டும் தீரவில்லை, திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மிச்சத்தைக் கேட்டேன்.

ஜமீலா என்று பெயர். ஊத்தங்கரைக்காரர். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். கணவர் இறந்து பல வருடம். சனிக்கிழமை ஊருக்குப் போக அண்ணன் கடைக்கு எதிரில்தான் பஸ்ஸுக்கு நிற்பார். முதல் தடவை பேச்சில் வந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய தார்ப்பாயில் ஓர வளையங்கள் போதாது என்று திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டிருக்கிறார். அண்ணன் சொல்கிறார், "அவங்க சொன்னதும் கரெக்டுதாம்மா." முப்பது வருட வியாபாரத்தில் அண்ணன் ஒரு வாடிக்கையாளர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டதை நான் கேட்டதே இல்லை. அந்தப் பதிவின் சுருக்கத்தைத் தேடிப் பார்த்தேன். 'ஒரு வாடிக்கையாளர் புகார். தீர்க்கப்பட்டது' என்று இருந்தது.

அதற்கடுத்து அவர் கயிறு வாங்க வந்தார். பள்ளிக்கூடத்துக்கு என்னாத்துக்கு அவ்வளவு கயிறு என்பது அண்ணனுக்கே விளங்கவில்லை, விளங்காததில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. பிறகொரு நாள் டீயில் இவ்வளவு சர்க்கரையா என்று கேட்டிருக்கிறார், அண்ணன் சர்க்கரையை விட்டுவிட்டார். இயந்திரம், 'உடல்நலம் நன்று' என்றது. அதற்கடுத்த மாதம் அண்ணன் பேசுவதற்கு நடுவில் மூன்று முறை செருமிவிட்டு, ரீமாவுக்குப் பள்ளி விடுமுறை எப்போது, ஒரு தரம் வந்துபோனால் தேவலை, நேரில் ஒன்று பேச வேண்டும் என்றார். சுருக்கத்தில் 'விடுமுறை பற்றி வினவுகிறார்' என்று மட்டும் வந்தது. என் காலண்டரைப் பார்த்து அதுவே எழுதி, என் பெயரில் போன பதில் இன்னும் அங்கேயே இருக்கிறது: 'அண்ணே, விடுமுறை ஆகஸ்டில். இந்த ஆண்டு பயணத் திட்டம் இல்லை.'

எண்ணிப் பார்த்தேன். எட்டு மாதத்தில் பதினான்கு முறை அந்தப் பெயரை என் முன்னால் போட்டிருக்கிறார். நான் பதினான்கு முறையும் சாப்பிட்டோம் என்று சொல்லியிருக்கிறேன். ஷமீமைக் கொண்டுவந்தவள் நான். என்னைக் கேட்காமல் அந்த இடத்தில் இன்னொருவரை வைக்க அண்ணனுக்கு மனசு வந்திருக்காது. என் வாயிலிருந்து 'யாருண்ணே அது?' என்று வர வேண்டும் என்று எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. ரீமா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

6

அங்கே சாயங்காலம் ஆகியிருந்தது. கடையில்தான் இருந்தார். நான் போன் செய்ததே அவருக்குப் பயம், யாருக்கு என்ன என்று கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"யாருண்ணே அந்த ஜமீலா?"

ஒரு லாரி போகும் சத்தம் முழுசாகக் கேட்டது. அதன் பிறகுதான் அண்ணன் குரல் வந்தது.

"இப்பக் கேக்கறியேம்மா."

நான் அவசர அவசரமாகப் பேசினேன். நம்பர் கொடு, நானே அவர்களிடம் பேசுகிறேன், அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிறேன், டிக்கெட் போட்டு இந்த வாரமே வருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். அவர்கள் வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பெருநாள் கழித்து நிக்காஹ். வாக்குக் கொடுத்த பிறகு போய்க் கலைப்பது மனுசன் செய்கிற காரியமில்லை. அந்த அம்மா இவரிடம் இரண்டு முறை நேராகவே கேட்டாராம், உங்க தங்கச்சி என்ன சொல்றாங்க என்று. அண்ணன் என்ன பதில் சொல்வார்.

"எனக்கு வருத்தமில்லம்மா. ஷமீம் உனக்கு எப்பிடின்னு எனக்குத் தெரியாதா. நீ வேணாங்கறதுல ஞாயம் இருக்குதுன்னுதான் விட்டுட்டேன்."

"நான் எப்பண்ணே வேணான்னு சொன்னேன்?"

"நீ கேக்கவே இல்லியே."

அப்புறம் மறைக்க ஒன்றுமில்லை. உன் குரலை நான் கேட்கவே இல்லை, ஒரு எக்ஸ்டென்ஷன் கேட்டது, அது சுருக்கிக் கொடுத்ததைத்தான் படித்தேன், பதிலையும் அதுவேதான் எழுதியது என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். அவருக்கு முதலில் புரியவே இல்லை. தார்ப்பாய்க் கடைக்காரருக்குப் புரியும்படி பிரவுசர் எக்ஸ்டென்ஷனை விளக்குவது என் தொழில் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலையாக இருந்தது. புரிந்ததும் கொஞ்சம் சிரித்தார்.

அது என்ன எழுதியது என்று கேட்டார். சர்க்கரை விட்ட நாள் சுருக்கத்தைப் படித்துக் காட்டினேன். உடம்பு நல்லா இருக்கு என்று நான் சொல்லவே இல்லையே என்றார். இல்லைதான் என்றேன். யாரோ பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் தார்ப்பாய் கேட்டார்கள், அண்ணன் இருக்கு என்றார், என்னைப் போனை வைத்துவிடச் சொன்னார். வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னார்.

"உனக்கு அங்க ஆயிரம் வேலை. நான்தான் வளவளன்னு பேசிப்புட்டேன். இனிமே சுருக்கமா பேசறேம்மா."

7

இந்த மாதிரிக் குறிப்புகளின் முடிவில் தொழில்நுட்பத்தைத் திட்டுவது வழக்கம். நான் திட்டப்போவதில்லை. இயந்திரம் அதனிடம் கேட்டதைச் செய்தது. லாட்டைப் பாஸ் பண்ணி முத்திரை குத்தியது நான். வெளுத்துப்போன அந்தப் படத்துக்குப் பதிலாகப் புதிதாக மூன்று வந்திருக்கின்றன, ஒன்று இன்னும் நன்றாகச் சுருக்குமாம், குரலில் இருக்கும் உணர்ச்சியையும் குறித்துக் கொடுக்குமாம். ரீமா காட்டினாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள், உட்காரவைத்து எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான்தானே அதைப் போட்டுக் கொடுத்தேன் என்று அவள் தமிழில் சொன்னாள். உன் தப்பு இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணனுக்கு நான் குரல் பதிவு அனுப்புகிறேன். ஒழுகும் குழாய், நகர அலுவலகத்தின் ஃபேக்ஸ், ரீமாவின் கணக்குப் பரீட்சை என்று பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் பேசுகிறேன். அவர் ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பதிலும் உடனே வருகிறது. நேற்று வந்தது நாற்பது விநாடி. கடை நன்றாகப் போகிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, நீங்கள் எல்லாரும் நன்றாக இருங்கள் என்றார். லாரிச் சத்தம்கூட இல்லை. கடைக்குள்ளே போய் நின்று பேசியிருக்க வேண்டும். இரண்டு காதிலும் இயர்போனை வைத்து நான்கைந்து முறை கேட்டேன். யார் அது என்று நான் கேட்பதற்கு அதில் ஒரு பெயர்கூட இல்லை.